எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தீர்களா? அப்புறம் என்ன நடந்தது?

டெல்டா கடைமடை, அரசுப் பள்ளி ஆசிரியை:

எங்கள் ஊர் வாய்க்கால் முடிகிற இடம். தண்ணீரும் கடைசியாகத்தான் வரும், பஸ்ஸும் அப்படித்தான். மாலை டவுன் பஸ் 4.10-க்குப் பள்ளிக்கூட ஸ்டாப்பைத் தாண்டிவிடும். பள்ளி விடுவது 4.20-க்கு. அடுத்த வண்டி 6.40. சவுக்குத் தோப்பு ஓரமாக மூன்று கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போகிற பெண் பிள்ளைகள் மட்டும் 31 பேர். மழைக்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோர் நான்கு பேரோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனேன். வராந்தாவில் நல்ல கூட்டம். உதவியாளர் ஒரு நீள நோட்டில் பெயர், ஊர், செல் நம்பர், என்ன விஷயம் என்று எழுதி வரிசை எண் கொடுத்தார். எங்களுக்கு 17.

எம்.எல்.ஏ. மனுவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு "பாத்துக்கலாம்மா" என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். "ஸ்கூல் விடுறது 4.20-ங்கிறீங்க. பிள்ளைங்க பையை எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வரணும். 4.30 போதுமா, 4.35 வேணுமா?" என்று கேட்டார். எங்களில் ஒருத்தரும் அதை யோசிக்கவில்லை. நேரத்தை மாற்றித் தர வேண்டும் என்று மட்டும்தான் நான் எழுதியிருந்தேன். 4.35 என்று அவரே ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் எதிரிலேயே பஸ் டிப்போ கிளை மேலாளரிடம் போனில் பேசினார்.

பதினொரு நாள் கழித்து உதவியாளர் கூப்பிட்டார். "டீச்சர், வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து 4.35. வண்டி வரலேன்னா இதே நம்பருக்குச் சொல்லுங்க." அந்தத் திங்கட்கிழமை பிள்ளைகளோடு நானும் ஸ்டாப்பில் நின்றேன். 4.38-க்கு வந்தது.

பஸ் வந்ததைவிட அந்த போன்தான் எனக்குப் பெரிசு. இருபது வருஷமாக ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். 'உங்கள் மனு இப்படி முடிந்தது' என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. உங்கள் தொகுதியில் எப்படி? நல்லதோ கெட்டதோ, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கட்சி வேண்டாம், பெயரும் வேண்டாம்.

கொங்கு பக்கம், விசைத்தறி:

டீச்சர், எங்களுக்குக் கிடைத்தது "முடியாது" என்கிற பதில். ஆனாலும் அதை நல்ல அனுபவமாகத்தான் சொல்வேன்.

ஊரில் அங்கன்வாடி வாடகை வீட்டில் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை மாதத்தில் குழந்தைகள் வியர்த்துக் கொட்டி அழும். தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டடம் கேட்டோம். குட்டைக்குப் பக்கத்தில் காலி இடம் கிடக்கிறது, கட்டினால் என்ன என்பது எங்கள் நினைப்பு. அக்டோபர் 2 கிராம சபைக்கு எம்.எல்.ஏ. வந்தார். எந்த நிலம் என்ன வகை என்று காட்டுகிற 'அ' பதிவேட்டின் நகலைத் தாலுகா ஆபீசிலிருந்து வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார். எல்லாரையும் கிட்டே கூப்பிட்டுச் சர்வே நம்பர் மேல் விரலை வைத்துக் காட்டினார். நீர்நிலைப் புறம்போக்கு. "இதுல கட்டினா நாளைக்குக் கோர்ட்டே இடிக்கச் சொல்லும். நான் இதைச் செய்யக் கூடாது, உங்களுக்கும் வேண்டாம். வேற இடம் காட்டுங்க, வர்ற வருஷத்துப் பட்டியல்ல முதல்ல வைக்கிறேன்" என்றார்.

அந்தக் கூட்டத்தில்தான் கணக்கையும் சொன்னார். இந்த நிதி ஒரு தொகுதிக்கு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். பணம் அவர் கைக்கு வருவதில்லை. அவர் பரிந்துரைப்பார், என்ஜினியர் மதிப்பீடு போடுவார், கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுத்தால்தான் வேலை. அந்த 3 கோடிக்குள்தான் எங்கள் தொகுதியின் அத்தனை ஊராட்சிகளும், இரண்டு பேரூராட்சியும். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் அங்கேயே எழுந்து, கோயில் பக்கத்தில் தனக்கு இருக்கிற மூன்று சென்ட்டை எழுதித் தருகிறேன் என்றார். தானப் பத்திரம் பதிந்து, ஊராட்சி பெயருக்கு மாற்றி, கட்டடம் எழும்ப ஒன்றேகால் வருஷம் ஆனது. நடுவில் இரண்டு தடவை வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று ஊராட்சித் தலைவருக்கு அவரே தகவல் சொன்னார். "பாக்கலாம்" என்று சொல்லிப் போயிருந்தால் இன்றைக்கும் குட்டைக் கரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

வட மாவட்டம், தையல் வேலை:

எனக்கு இரண்டும் நடக்கவில்லை. நடந்தபடி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

எங்கள் தெருவுக்கு மயானப் பாதை இல்லை. வரைபடத்தில் இருக்கிறது, தரையில் இல்லை. இரண்டு பக்கத்திலும் வரப்பை நீட்டி நீட்டி உழுதுவிட்டார்கள். ஐப்பசியில் என் மாமனார் இறந்தபோது வாய்க்காலில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைத் தூக்கிப் போனார்கள். என் கொழுந்தனுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது. அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

அந்த வாரமே திருமண மண்டபம் ஒன்றில் எம்.எல்.ஏ.வைப் பார்த்து, 64 பேர் கையெழுத்தோடு மனு கொடுத்தேன். வாங்கினார், கும்பிட்டார். மனு பின்னால் நின்றவர் கைக்குப் போனது. வெளியே வந்தபோது அவருடைய காரின் பின் சீட்டில் போட்டிருந்த சால்வைக் குவியலுக்குள் எங்கள் காகிதத்தின் முனை தெரிந்தது. எட்டு மாதம் ஆகிவிட்டது. அலுவலகத்தில் கேட்டால் எந்த மனு, எந்தத் தேதி என்கிறார்கள். முடியாது என்றாவது சொல்லியிருந்தால் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருப்பேன். இவர்கள் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

தென்சென்னைப் புறநகர்:

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

என்னுடையது 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் பகுதிக்கு எம்.எல்.ஏ. அலுவலகம் நடத்துகிற வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. மற்ற நாளெல்லாம் அதில் திறப்பு விழாப் படம், பிறந்தநாள் வாழ்த்து. அதனால் பல பேர் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள், நானும்தான். டிசம்பர் 4 இரவு கரண்ட் இல்லை, கீழ்வீட்டில் மார்பளவுத் தண்ணீர். போனில் 18 சதவீதம் சார்ஜ். அப்போது அந்தக் குழுவில் வந்த ஒவ்வொரு வரியும் உயிர் மாதிரி இருந்தது. 'படகு இப்போது பிள்ளையார் கோயில் முனையில்.' 'பால் பள்ளிக்கூட வாசலில், ஒரு வீட்டுக்கு ஒரு பாக்கெட்.' 'டிரான்ஸ்பார்மர் தண்ணீரில் இருக்கிறது, நாளை மாலைக்கு முன் கரண்ட் வராது, போனைச் சேமியுங்கள்.' கடைசி வரியைப் படித்ததும்தான் மாடியிலிருந்த எல்லாரும் ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்தோம். அம்மாவுக்கு இன்சுலின் வேண்டும் என்று போட்டேன். இரண்டு மணி நேரத்தில் படகில் வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு குழு மறுபடி பழையபடி மாறிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த ஐந்து நாள் எழுதின மாதிரி எல்லா நாளும் எழுத முடியும் என்று அவர்களே காட்டினார்களே.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற ஊழியர்:

இங்கே நிலைமை வேறு. எங்களிடம் தேர்ந்தெடுக்கப்படும் எம்.எல்.ஏ.க்கள் 30 பேர், 2021 தேர்தலில் மொத்த வாக்காளர் சுமார் 10 லட்சம். ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பத்தைந்தாயிரத்துக்குள்தான். அதே தேர்தலில் தமிழ்நாட்டில் 234 தொகுதிக்கு 6 கோடிக்கு மேல். சென்னைப் பக்கத்துச் சோழிங்கநல்லூர் தொகுதி ஒன்றிலேயே அப்போது 6 லட்சத்துக்கு மேல். அதனால் எங்கள் எம்.எல்.ஏ.வுக்குத் தெருவில் எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை என்று தெரியும். காலை நடைப்பயிற்சியிலேயே பாதி மனுக்கள் வாய்மொழியாகக் கொடுக்கப்பட்டுவிடும். நல்லதுதான். ஆனால் எழுத்தில் எதுவும் இருக்காது. அவர் மறந்தால் அதோடு போச்சு.

ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ஆறு வருஷம் உதவியாளராக இருந்தவன்:

தையல் வேலை பார்க்கும் சகோதரி எழுதினதற்காகவே இதை எழுதுகிறேன். சால்வையோடு போன மனுக்களை நான் இரவு பதினொரு மணிக்குக் காரிலிருந்து பொறுக்கியிருக்கிறேன். சில நாள் பொறுக்காமலும் விட்டிருக்கிறேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் இருக்கிறது.

எம்.எல்.ஏ.வுக்கு உத்தரவு போடுகிற அதிகாரம் கிடையாது. தாசில்தாருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (பி.டி.ஓ.) பரிந்துரைக் கடிதம் எழுதலாம், போனில் பேசலாம், சட்டமன்றத்தில் கேட்கலாம். நெருக்குகிற பலம்தான் அவருடையது. அந்த நெருக்கல் வேலை செய்ய வேண்டுமானால் மனு எந்தத் தேதியில், யாருக்கு அனுப்பப்பட்டது என்று பதிவு வேண்டும். ஒரு நாளைக்கு 60, 70 மனு வரும். பட்டா, முதியோர் உதவித்தொகை, கல்லூரி சீட்டு, ஆஸ்பத்திரிச் செலவு, கோயில் கொடை, வேலைக்குச் சிபாரிசு. என் இரண்டாவது வருஷத்தில் எங்கள் எம்.எல்.ஏ. ஒரு விதி போட்டார்: வெள்ளிக்கிழமை மத்தியானம் வேறு வேலை கிடையாது, அந்த வாரத்து மனுக்காரர்கள் எல்லாருக்கும் போன். நடக்காததற்கும் போன். முதல் மாதம் திட்டு வாங்கினேன். மூன்றாவது மாதத்திலிருந்து, அதே மனுவைத் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிற கூட்டம் பாதியாகக் குறைந்தது.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 பேருக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். எங்களால் பத்தை உடனே எழுத முடிந்ததற்குக் காரணம் மனுக்களைப் பதிந்து வைத்திருந்த நோட்டுதான். ஒரே ஊரிலிருந்து எத்தனை பேர் ஒரே பாலத்தைக் கேட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். அதே வருஷம் ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. அந்தப் பாலத்தைப் பற்றி அவர் துணைக்கேள்வி கேட்டதை ஊர் டீக்கடையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தார்களாம்.

சகோதரி, நீங்கள் இப்படிச் செய்யுங்கள். பழைய மனுவைத் தேட வேண்டாம். புதிதாக ஒரே பக்கத்தில் எழுதுங்கள். சர்வே எண், வருவாய்க் கிராமத்தின் பெயர், வரைபட நகல், கையெழுத்துப் பட்டியல் எல்லாம் இருக்கட்டும். செல் நம்பரைப் பெரிசாக எழுதுங்கள். கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண் போட்ட ரசீது வாங்குங்கள். அதன் நகலோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போய், "இந்த எண்ணைத் தாசில்தாரிடம் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். வெறும் மனுவை மறக்கலாம், எண்ணை மறக்க முடியாது. அதுவும் நகராவிட்டால் சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது அங்கே கொடுங்கள். மண்டபத்திலும் கல்யாணத்திலும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அங்கே அவர் கையில் எதுவும் தங்காது.

மதுரை:

மனு என்றதும் எனக்கு நன்மாறன் ஐயா ஞாபகம்தான். மதுரை கிழக்கில் 2001-லும் 2006-லும் ஜெயித்துப் பத்து வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். 2021-ல் வாடகை கொடுக்கச் சிரமப்பட்டு, அரசு வீடு கேட்டுக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். அந்த அக்டோபரிலேயே காலமாகிவிட்டார். எத்தனை பேருடைய மனுவை வாங்கின கை அது. அவர் மனு கொடுக்கிற படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வட மாவட்டம், தையல் வேலை:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். அண்ணா சொன்னபடியே செய்தேன். திங்கட்கிழமை ரசீது வாங்கினேன், செவ்வாய்க்கிழமை எம்.எல்.ஏ. அலுவலகம். இந்தத் தடவை புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எண்ணை நோட்டில் எழுதி, எழுதினதை எனக்குத் திருப்பிக் காட்டினாள். அப்புறம் பதினேழு நாள் ஒன்றுமில்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அவளேதான். "அக்கா, வியாழக்கிழமை சர்வேயர் வர்றார். காலையில பத்து மணிக்கு. ஊர்ல நாலு பெரியவங்கள வாய்க்கா கிட்ட நிக்கச் சொல்லுங்க, பழைய பாதை எங்க இருந்துச்சுன்னு காட்டணும்." 64 பேருக்கும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு இப்போதுதான் வந்தேன்.