பெடல் இல்லாத ஸ்டீல்: எட்டுத் தந்தியில் வந்து நின்ற கதை

கிராமிய இசையும் ஜாஸும் கலந்த அமெரிக்க நடன இசையான வெஸ்டர்ன் ஸ்விங் வாசிக்க, காலால் மிதித்துச் சுரம் மாற்றும் பெடல் இல்லாத ஸ்டீல் கிட்டார் (தந்தியின் மேல் உலோக உருளையை வழுக்கி வாசிக்கும் கிட்டார்) வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எந்தக் கருவி என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். எந்த டியூனிங், அதாவது தந்திகளை எந்தெந்தச் சுரத்துக்கு முறுக்கி வைப்பது, என்பதை முதலில் முடிவு செய்திருந்தால் எனக்கு இரண்டு வருடமும் ஒரு கருவியின் விலையும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வேலைக்காக டெக்ஸஸ் வந்தவன் நான். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை டர்க்கி என்ற சின்ன ஊரில், வெஸ்டர்ன் ஸ்விங் குழுத் தலைவர் பாப் வில்ஸின் நினைவாக, பாப் வில்ஸ் நாள் கொண்டாடுவார்கள். நண்பர் ஒருவர் கூப்பிட்டதால் போனேன். பிடில்கள் வாசித்து முடித்த இடத்தில் ஸ்டீல் உள்ளே நுழைந்தது. சின்ன வயதில் வீட்டில் கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்தவன் என்பதால், தந்தியின் மேல் ஒன்று வழுக்கிப் போகும் அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே ஒரு சுரம் மட்டும் வழுக்கவில்லை, மூன்று நான்கு சுரங்கள் சேர்ந்த கார்டு முழுதாக வழுக்கியது. அன்று இரவு வீட்டுக்கு வந்தும் அதே ஞாபகம்.

அப்புறம் பழைய ரெக்கார்டுகளைத் தேடித் தேடிக் கேட்டேன். 1935 ஜனவரியில் மில்டன் பிரவுன் குழுவோடு பாப் டன் மின்சார ஸ்டீலில் பதிவு செய்தவை முதலில் வந்தன. ட்ராம்போன் ஊதுவதைப் போல வெட்டி வெட்டி வாசிப்பார். அதே வருடம் பாப் வில்ஸிடம் சேர்ந்த லியான் மெக்காலிஃபுக்கு வயது 18. அடுத்த வருடம் அவர் பதிவு செய்த 'ஸ்டீல் கிட்டார் ராக்'தான் இந்தக் கருவியை ஊரெல்லாம் அறிய வைத்தது. 1940களில் கலிபோர்னியாவில் ஸ்பேட் கூலி குழுவில் இருந்த வாக்கீன் மர்ஃபியை நான் கடைசியாகத்தான் கேட்டேன். என் மனசில் நின்றவர் அவர்தான். எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், மூன்று பேரின் சத்தமும் மூன்று விதம். அதில் எது உங்கள் காதில் ஒலிக்கிறதோ அதற்கேற்ற டியூனிங்கைத்தான் தேட வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது.

முதலில் வாங்கியது ஆறு தந்தி லாப் ஸ்டீல். மடியில் வைத்து வாசிக்கும் சின்னப் பலகை. சாதாரண கிட்டார் தந்திகள் மாட்டியிருந்தது. சி6 டியூனிங் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கீழிருந்து மேலே சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. சாதாரண கிட்டாரில் நான்காம் தந்தி டி. அதை ஜி வரை, அதாவது ஐந்து அரைச்சுரம், ஏற்ற வேண்டும். முறுக்கிக்கொண்டே போனேன், பட்டென்று அறுந்து கையில் அடித்தது. ஐந்தாம் தந்தியோ ஏயிலிருந்து ஈக்கு இறங்கித் தொளதொளவென்று தொங்கியது. சி6க்கென்றே தனி செட் விற்கிறார்கள். கருவி வாங்கும் அன்றே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

சரியான தந்தி மாட்டியதும்தான் சி6 எவ்வளவு நல்ல டியூனிங் என்று புரிந்தது. சி, ஈ, ஜி சேர்ந்தால் சி மேஜர். ஏ, சி, ஈ சேர்ந்தால் ஏ மைனர். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. ஐந்தாம் ஃப்ரெட்டில் (பலகையின் ஐந்தாம் குறுக்குக் கோட்டில்) டோன் பாரை, அதாவது தந்திகளின் மேல் வழுக்கும் அந்த உலோக உருளையை, வைத்தால் எஃப்6 கிடைக்கும். அதே இடத்தில் மேலே உள்ள மூன்று தந்திகளை மட்டும் மீட்டுங்கள்: டி, எஃப், ஏ. பாஸ்காரர் அடியில் ஜி வாசித்தால் கேட்பவர் காதுக்கு அது ஜி9. பார் ஓர் இம்மி நகரவில்லை. இது முதன்முதலாகக் கைக்கு வந்த அன்று நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அடுத்தது சாய்த்துப் பிடிப்பது, ஸ்லாண்ட். மூன்றாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட், இரண்டாம் தந்தியில் நான்காம் ஃப்ரெட் என்று பாரின் முனையை முன்னால் தள்ளினால் சியும் ஈயும் வரும். பெடல் இல்லாத ஸ்டீலின் உயிரே இந்தச் சாய்வில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பெடல் போட்டால் சுரம் சுத்தமாக மாறும், உண்மைதான். ஆனால் கை தேடிப் போய்ச் சேரும் அந்த ஒரு நொடி இருக்காது. ஸ்விங்குக்கு எனக்கு அது வேண்டும்.

அடுத்த வருடம் ஒரு தப்பு செய்தேன். மெக்காலிஃப் நான்கு நெக் (தந்திகள் ஓடும் பலகை) உள்ள ஸ்டீலோடு நிற்கும் படங்களைப் பார்த்துவிட்டு, கால்களில் நிற்கும் பழைய மூன்று நெக் கன்சோல் ஒன்றை முன்பின் தெரியாத ஒருவரிடம் வாங்கினேன். நேரில் போய் ஆம்பில் மாட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் நடு நெக்கின் பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் காந்தப் பாகம்) சத்தமே இல்லை. அதை அதன் பெட்டியோடு காரில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். பெரிய வருத்தம் அதுகூட இல்லை. மூன்று நெக்கிலும் மூன்று டியூனிங் வைத்தேன்: சி6, ஏ6, மெக்காலிஃப் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஈ13. எட்டு மாதத்தில் ஒவ்வொன்றிலும் நான்கு பாட்டுதான் தெரிந்தது. ஈ13 அருமையான டியூனிங்தான். எல்லாத் தந்தியையும் ஒரே வாரலில் வாரினால் பித்தளை வாத்தியங்கள் மொத்தமாக எழுந்து நிற்பது போல இருக்கும். ஆனால் மெலடி வாசிக்க அது எனக்கு வளைந்து கொடுக்கவில்லை.

ஒரு நடன அரங்கில் சந்தித்த எழுபதைத் தாண்டிய வாசிப்பாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மேடையில் நான்கு நெக் வைத்திருந்தவர்கள் ராத்திரி முழுக்க வாசித்துப் பிழைத்தவர்கள், நீங்கள் சாயங்காலம் ஒரு மணிநேரம் வாசிக்கிறவர், ஒரு நெக் போதும், தந்தியை மட்டும் எட்டாக்குங்கள் என்றார். தன் கருவியை என் முன்னால் நகர்த்தி உட்காரச் சொன்னார். கீழிருந்து மேலே ஏ, சி ஷார்ப், ஈ, ஜி, ஏ, சி, ஈ, ஜி. அடி நான்கும் சேர்ந்தால் முழு ஏ7. அவர் காட்டியதைப் பாருங்கள்: பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் மேலே சி6, அதே ஃப்ரெட்டில் அடியில் ஏ7. அப்படியே ஐந்துக்கு வந்தால் அடியில் டி7, பத்துக்குப் போனால் ஜி7. ஸ்விங் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் சி, ஏ7, டி7, ஜி7 சுற்று மூன்றே இடத்தில் முடிந்தது!

மூன்று நெக்கை, பிக்கப் வேலை செய்யாததைச் சொல்லியே, விற்றுவிட்டு எட்டுத் தந்தி ஒற்றை நெக் வாங்கினேன். தந்தி அதிரும் நீளம் இருபத்திரண்டரை அங்குலம். இந்த நீளத்தை நான் யோசித்தே எடுத்தேன். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ரிங்மாஸ்டர் என்ற ஸ்டீல் இருபத்திரண்டரை, இருபத்திநாலரை, இருபத்தாறு என்று மூன்று நீளத்தில் வந்தது. நீளமானதில் சத்தம் நின்று ஒலிக்கும், அடித் தந்திகள் கணீரென்று இருக்கும். ஆனால் முதல் ஃப்ரெட் இடைவெளி இருபத்தாறில் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம், இருபத்திரண்டரையில் ஒன்றேகால். சாய்த்துப் பிடிக்கும்போது அந்தக் கால் அங்குலம் மணிக்கட்டுக்குத் தெரியும். மேல் ஜி தந்தியும் குட்டையானதில் அவ்வளவு சீக்கிரம் அறுவதில்லை. கை பெரிதாக இருந்து, சாய்வு குறைவாக வாசிப்பவர் என்றால் நீளமானதையே வாங்குங்கள்.

ரிக்கன்பேக்கர் கம்பெனி பேக்லைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஸ்டீல்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 1935இல் வந்தவை, தந்திகளின் மேலே வளைந்து நிற்கும் குதிரைலாடக் காந்தம், அந்தச் சத்தத்துக்கு ஈடு நான் கேட்டதில்லை. ஒருமுறை ஒன்றை வாசித்துப் பார்த்தேன், திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. ஆனால் வெயிலிலும் மேடை விளக்கின் சூட்டிலும் சுருதி நகரும். டெக்ஸஸ் ஆகஸ்டில் வெளியே வாசிப்பவர் யோசிக்க வேண்டும்.

பழையது எதை வாங்கினாலும் ஆம்பில் மாட்டி, ஒவ்வொரு தந்தியாகக் கேளுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பாரை நேராக வைத்து எல்லாத் தந்தியும் திறந்த சுரத்தின் எட்டாம் சுரமாக நிற்கிறதா என்று பாருங்கள். டோன் பார் கனமாக, முனை உருண்டையாக இருக்கட்டும். எட்டுத் தந்திக்கு ஆறு தந்திப் பார் எட்டாது.

இப்போது எனக்குள்ள பிரச்சினை அந்தச் சி ஷார்ப் தந்திதான். வேகமாக வாரும்போது அது மேலே உள்ள சியோடு சேர்ந்து ஒலித்துக் கார்டைக் கெடுக்கிறது. வலது உள்ளங்கையால் அடக்கிப் பழகுகிறேன். மெதுவாக வாசித்தால் சரியாக வருகிறது. வேறு விதமாக அடக்குபவர்கள் இருந்தால் எழுதுங்கள், இன்று ராத்திரியே முயன்று பார்க்கிறேன்.