பிள்ளைக்கு உடம்பு முடியாதபோது நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?

பதினோரு மாதக் குழந்தையின் அம்மா:
மகளுக்குச் சளி. இரவு முழுக்க மூச்சு வேகமாக வாங்குவதுபோல் தோன்றியது. விடிந்ததும் மருத்துவமனைக்கு ஓடினேன். "நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?" என்றார் செவிலியர். நான் திருதிருவென்று விழித்தேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை. மகளின் சட்டையைச் சுருட்டிவிட்டு, அழுகை அடங்கி அவள் என் தோளில் சாயும்வரை காத்திருந்தார். பிறகு கடிகாரத்தை என்னிடம் கொடுத்து, வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று என எண்ணச் சொன்னார். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கப் பார்த்தேன். கூடாதாம், சிறு குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது, முழு நிமிடம் எண்ண வேண்டும். 44 வந்தது.

இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், எண்ணிக்கொண்டு உட்காராமல் கிளம்பிவிட வேண்டும்.

இரட்டையரின் அப்பா:
என் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கிவிட்டேன். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்று ஒரு கணக்கு! நல்லவேளை, முதல் வாயிலேயே துப்பிவிட்டான். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் உப்பு ஏறி ஆபத்தாகும் என்று மருத்துவர் சொன்னபோது வியர்த்துவிட்டது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடியும் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. பொறுமைதான் பெரிய வேலை. ஒரு டம்ளர் உள்ளே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஒரு பாட்டி:
தம்பி, நீங்கள் மட்டும் இல்லை. பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோது பாராசிட்டமால் 5 மில்லி ஊற்றப் போனேன். "அத்தை, அது சிரப் இல்லை, சொட்டு மருந்து" என்று மருமகள் கையைப் பிடித்துவிட்டாள். எங்கள் வீட்டுச் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். அந்தச் சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100. மூன்று பிள்ளைகளை வளர்த்த கை என்று எனக்கு ஒரு மிதப்பு. இப்போது கண்ணாடி போட்டு, புட்டியின் மேல் இருப்பதை வாய்விட்டுப் படித்த பிறகே மூடியைத் திறக்கிறேன்.

பதினோரு மாதக் குழந்தையின் அம்மா:
பாட்டி, உங்கள் மருமகளைப் போல் இடையில் தடுக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. அதனால் மருந்து கொடுத்த நேரம், அளவு, சிறுநீர் போன நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைக்கிறேன். போன வாரம் மருத்துவர் என்னிடம் எதுவும் கேட்கும் முன்பே அந்தத் தாளுக்குக் கை நீட்டினார்.