சக்கரம் மாற்றினால் சைக்கிள் வேகம் கூடுமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

திருவான்மியூர், சென்னை

வணக்கம். ரோடு பைக் ஓட்ட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. போன தீபாவளிக்கு வந்த போனஸை அப்படியே போட்டு, 50 மி.மீ. ஆழ ரிம் (காற்றைக் கிழிக்க, கம்பிப் பக்கமாக உயர்த்திச் செய்த ரிம்) உள்ள கார்பன் சக்கரம் ஒரு ஜோடி வாங்கினேன். மாட்டிய முதல் ஞாயிற்றுக்கிழமையே, கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை எப்போதும் போகும் வேகத்தைவிட மணிக்கு 2 கிலோமீட்டர் கூடுதலாகப் போனேன். போதாக்குறைக்கு அந்தச் சக்கரம் எழுப்பும் ‘வூம் வூம்’ சத்தம் வேறு. வீட்டுக்கு வந்ததும், கொடுத்த காசு வீண் போகவில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் அதே சாலை, அதே சக்கரம். வேகம் பழையபடி. அப்போதுதான் உறைத்தது, முந்தின வாரம் முழுக்க வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

சரி, ஒழுங்காக அளந்து பார்த்துவிடலாம் என்று மூன்று ஞாயிறு ஒதுக்கினேன். வண்டியில் பவர் மீட்டர் உண்டு. விடிகாலை 5 மணி, இலை அசையாத நேரம். 10 கி.மீ. போய் அதே 10 கி.மீ. திரும்ப வேண்டும். கால் கொடுப்பது 200 வாட், கூடவும் குறையவும் கூடாது. அதே ஜெர்சி, அதே ஹெல்மெட், கை வைக்கும் இடம் கூட அதே.

வண்டியோடு வந்த அலுமினியச் சக்கரமும் அதனுடன் வந்த 25 மி.மீ. முரட்டு டயரும்: மணிக்கு 33.0. அந்த டயரையே கழற்றிக் கார்பன் சக்கரத்தில் போட்டபோது: 33.3. மூன்றாவது வாரம் அலுமினியச் சக்கரத்துக்கே திரும்பி, 28 மி.மீ. மெல்லிய பந்தய டயரும் லேட்டக்ஸ் டியூபும் போட்டு ஓட்டினேன்: 33.9.

20 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால், கார்பன் சக்கரம் மிச்சம் பிடித்தது 20 வினாடி. டயரும் டியூபும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நிமிடம். சக்கரம் வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை அந்த டயருக்கு. ஒரே ஆள் மூன்று நாள் ஓட்டியதை வைத்து முடிவு கட்ட நான் தயாரில்லை. மற்றவர்கள் கண்டது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை.

சேலம்

தம்பி, உங்கள் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது. பிளஸ் டூவுக்கு இயற்பியல் பாடம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது, வாரம் இரண்டு முறை ஏற்காடு ஏறுகிறேன்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், உருளும்போது தடை அதிகமுள்ள டயர், கெழு 0.008 என்றால், அது மட்டுமே 52 வாட் தின்னும். நல்ல டயர், 0.005 என்றால், 33 வாட். வித்தியாசம் 19 வாட். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும், நீங்கள் குனிந்தாலும் நிமிர்ந்தாலும், அந்த 19 வாட் உங்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

சக்கரத்தின் எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘சுற்றுகிற எடையில் ஒரு கிராம் குறைந்தால் வண்டியில் இரண்டு கிராம் குறைந்த மாதிரி’ என்று கடையில் சொல்வார்கள். வேகம் எடுக்கும் அந்த நேரத்துக்கு, அதுவும் ரிம் ஓரத்தில் இருக்கிற எடைக்கு, அது உண்மை. ஒரே சீராக மலை ஏறும்போது ஒரு கிராம் ஒரு கிராம்தான். நான் சக்கரம் மாற்றியதில் 600 கிராம் குறைந்தது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்க எனக்கு 1 மணி 15 நிமிடம் ஆகும். கணக்குப்படி அதில் அரை நிமிடம் குறைய வேண்டும். குறைந்தது. ஆனால் முந்தின இரவு நன்றாகத் தூங்கினேனா இல்லையா என்பதிலேயே மூன்று நிமிடம் ஏறி இறங்குகிறது. கீழே கிளம்பும்போது நிரப்பிக்கொண்டு போகிற தண்ணீர் பாட்டிலே முக்கால் கிலோ.

இறங்கும்போது நடந்ததையும் கட்டாயம் எழுத வேண்டும். என்னுடையது ரிம் பிரேக் வண்டி. கார்பன் ரிம்மில் பிரேக் கட்டையை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினேன். பாதி மலையில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது. அதற்கடுத்த வளைவில் பிரேக் பிடியில் ஒரு துடிப்பு: சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு ‘டக்’, இன்னொரு சுற்றுக்கு இன்னொரு ‘டக்’. ஓரமாக நிறுத்தி, ஆறியதும் விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். ரிம்மின் பக்கச் சுவரில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு புடைப்பு. சூட்டில், கார்பன் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் ரெசின் இளகி, உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுவரை வெளியே தள்ளியிருக்கிறது. மீதி மலையை நடந்தே இறங்கினேன். மலை இறங்குகிறவர்கள் டிஸ்க் பிரேக் இல்லாவிட்டால் அலுமினிய ரிம்மோடு இருந்துவிடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோயம்புத்தூர்

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் உண்டுங்க. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்தால் காற்றாலை சுற்றுகிற ஊர் இது.

ஆழமான ரிம் பக்கக் காற்றில் பாய்மரம் மாதிரி வேலை செய்யும். கொஞ்சம் கோணலாக வரும் காற்றில் தடை குறைந்து சக்கரம் முன்னால் இழுப்பது காலிலேயே தெரியும். அந்தச் சுகத்துக்கு ஆசைப்பட்டு முன்னும் பின்னும் 60 மி.மீ. போட்டேன். ஒரு ஜூன் மாதம் பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாலை வடக்கு தெற்காகப் போகிறது, காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. காற்றுக்கு ஈடுகொடுத்து நான் வலது பக்கம் சாய்ந்தபடிதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த லாரி என்னை முந்தியது. லாரி மறைத்ததும் காற்று சட்டென்று நின்றது, சாய்ந்திருந்த நான் லாரி பக்கமே போனேன். இடது பக்கம் திருப்பவும் லாரி கடந்து போகவும் சரியாக இருந்தது. அடுத்த நொடி மொத்தக் காற்றும் முன் சக்கரத்தில் வந்து அறைந்தது. ஹேண்டில் தானாக இடப்பக்கம் திரும்பி, தாரை விட்டு ஜல்லியில் இறங்கி விழுந்தேன். முழங்கையில் ஆறு தையல்.

பின் சக்கரம் ஃபிரேமோடு சேர்ந்து நிற்கும், காற்று அடித்தாலும் தள்ளத்தான் முடியும். முன் சக்கரத்தில் அடித்தால் வண்டியையே திருப்பிவிடும். இப்போது முன்னால் 30 மி.மீ., பின்னால் அந்த 60. அன்றைக்குப் பிறகு என் சராசரி வேகம் கூடித்தான் இருக்கிறது. காரணம் எளிது. காற்றுக்குப் பயந்து நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தவன், பயம் விட்டதும் குனிந்து ஓட்டுகிறேன். சமதரையில் வேகமாகப் போகும்போது எதிர்க்கும் காற்றில் பெரும்பங்கு நம் உடம்பு மேல்தான் மோதுகிறது.

லண்டன்

கோவை அண்ணா சொன்னது முழுக்கச் சரி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே பத்து மைல் டைம் ட்ரையல் (ஒவ்வொருவராகத் தனியே ஓடி நேரம் பார்க்கும் போட்டி) ஓடுகிறவன். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 24 நிமிடத்து ஓட்டம். காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாக (வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்காக) ஏறும் என்பதால், 30இல் தெரியாத சக்கரம் 40இல் தெரியும். பின்னால் மூடு சக்கரம் (கம்பி தெரியாமல் தட்டு மாதிரி மூடியது), முன்னால் ஆழ ரிம் போட்டால் எனக்கு 10, 15 வினாடி குறையும். எங்கள் ஓட்டத்தில் அதற்குள் நாலைந்து பேர் நிற்பார்கள். ஆகவே எனக்கு அது தேவை.

ஆனாலும் 1989 டூர் டி பிரான்ஸ் என்ற பல நாள் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளை நான் மறப்பதில்லை. வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. முதலிடத்தில் இருந்த பிரெஞ்சு வீரர் ஃபின்யோனைவிட அமெரிக்க வீரர் லெமாண்ட் 50 வினாடி பின்தங்கி நின்றார். ஃபின்யோன் முன்னும் பின்னும் மூடு சக்கரம் போட்டிருந்தார், தலையில் ஹெல்மெட் இல்லை, குதிரைவால் பறக்க சாதாரணப் பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். லெமாண்டுக்குப் பின்னால் மட்டும் மூடு சக்கரம். ஆனால் கைகளை முன்னே நீட்டிப் படுக்கும் ஏரோ பாரும் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டும் இருந்தன. மொத்தப் பந்தயத்தையும் 8 வினாடியில் வென்றார். சக்கரத்தில் ஃபின்யோன் கை ஓங்கியிருந்தும், உடம்பு படுத்த விதத்தில் லெமாண்ட் ஜெயித்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குச் சரியாக நூறு வருடம் முன்பு, 1889இல், பெல்ஃபாஸ்டில் வில்லி ஹியூம் என்பவர் டன்லப்பின் காற்றடைத்த டயரைப் போட்டுக்கொண்டு வந்து போட்டிகளை அள்ளிக்கொண்டு போனார். மற்றவர்களுக்குக் கெட்டி ரப்பர். சக்கரத்தில் கை வைத்து மலையளவு வேகம் கூடியது அந்த ஒரு முறைதான் என்பேன். அதுவும் டயர்தான், சென்னை அண்ணா.

மயிலாடுதுறை

சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்திலிருந்து. கார்பன் சக்கரம் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் ‘சக்கரம் மாத்துனா வேகமாப் போகுமாண்ணே’ என்று கேட்டு வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள்.

பேப்பர் போடுகிற பையன் ஒருவன், பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளோடு வந்து அலாய் ரிம் போடச் சொன்னான். கையில் சேர்த்து வைத்த பணம். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி முன் சக்கரத்தைச் சுற்றி விட்டேன். நாலு சுற்றில் நின்றுவிட்டது. நல்ல சக்கரம் எப்படி நிற்கும் தெரியுமா? வேகம் எல்லாம் அடங்கின பிறகும், வால்வு இருக்கிற பக்கம் கனத்தினால் கீழே வரும், தாண்டிப் போகும், திரும்ப வரும். ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடித்தான் ஓயும். இது அப்படியே முட்டிக்கொண்டு நின்றது.

சக்கரத்தைக் கழற்றி அச்சைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்துத் திருப்பினால் கரகரவென்று மணல் அரைபடுகிறது. கோன் (அச்சில் பால்ரஸை அணைத்துப் பிடிக்கும் மரை) இறுக்கம். உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகிக் கிடந்தது. பின் சக்கரம் பெண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டையில் உரசுகிறது. டயரில் பாதிக் காற்று. பால்ரஸ் புதிதாகப் போட்டு, கிரீஸ் அடைத்து, கோனை அரைச் சுற்றுத் தளர்த்தி, பெண்டு எடுத்து, காற்றடித்துக் கொடுத்தேன். அலாய் ரிம் விலையில் பத்தில் ஒரு பங்குதான் வாங்கினேன். மறுநாள் காலை, கடை திறக்கும்போதே வந்து நிற்கிறான். பத்து நிமிடம் முன்னாலேயே பேப்பர் எல்லாம் போட்டு முடித்துவிட்டானாம்.

புதுச்சேரி

நான் பி.ஆர்.எம். என்ற நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டம் ஓட்டுகிறவள். 400 கி.மீ., 27 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தோழி ஒருத்தி சொன்னாள் என்று கம்பி குறைந்த சக்கரம் போட்டிருந்தேன், பின்னால் 20 கம்பி மட்டும், தட்டையான தனி ரகக் கம்பி. பார்க்க அழகு, காற்றும் குறைவாகத்தான் பிடிக்கும். இரவு 11 மணிக்கு விக்கிரவாண்டி தாண்டி ‘டங்’ என்று ஒரு சத்தம். செயின் பக்கக் கம்பி ஒன்று ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்) ஓரத்தில் முறிந்துவிட்டது. 36 கம்பி இருக்கிற சக்கரம் என்றால் ஒன்று போனாலும் சமாளித்து வீடு வந்து சேரலாம். 20இல் ஒன்று போனதும் ரிம் பாம்பு மாதிரி நெளிந்து ஃபிரேமில் உரச ஆரம்பித்தது. அந்த அளவுக் கம்பி விழுப்புரத்தில் எந்தக் கடையிலும் இல்லை. அன்றைக்கு அத்தோடு முடிந்தது.

அடுத்த வருடம் 32 கம்பி வைத்துக் கையால் கோத்த அலுமினியச் சக்கரம். எடை கூடுதல். ஆனால் 25 மணி 40 நிமிடத்தில் முடித்தேன். கால் பழைய கால்தான். நிற்கும் நேரத்தை அளந்து குறைத்தேன், அவ்வளவுதான். இட்லி, டீ என்று ஒரு இடத்தில் 40 நிமிடம் உட்கார்ந்தால், அதைச் சாலையில் ஈடுகட்ட எந்தச் சக்கரத்தாலும் ஆகாது.

மதுரை

கல்லூரி மாணவன் நான். ஹைபிரிட் சைக்கிள், கையில் 8,000 ரூபாய். சக்கரம் வாங்கலாம் என்று இருந்தேன். அண்ணன்மாரே, இந்தப் பணத்தை எதில் போடட்டும்?

திருவான்மியூர், சென்னை

தம்பி, முதலில் நல்ல டயர் இரண்டு, உன் ரிம்முக்குப் பொருந்துகிற அகலத்தில். அழுத்தம் பார்க்கும் மீட்டர் உள்ள பம்ப் ஒன்று. மிச்சப் பணத்தில் மயிலாடுதுறை அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு ஹப்பையும் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல். கடைக்காரர் பெண்டு எடுக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்துக் கற்றுக்கொள்.

என் கார்பன் சக்கரத்தை விற்கப் போவதில்லை. இப்போது அதில் நல்ல டயரைப் போட்டுவிட்டேன். காற்றடங்கின விடியற்காலையில் மட்டும் மாட்டிக்கொண்டு போகிறேன்.

மயிலாடுதுறை

மதுரைத் தம்பி, ஹப்பைப் பிரிக்கும்போது பழைய பால்ரஸை எண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லு. பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, கால் இஞ்ச். எட்டைப் போட்டு மூடிவிட்டால் ஒரு மாதத்தில் கோன் போய்விடும்.