கம்பெனி பெயர் மாறிவிட்டது, வண்டி ஸ்டிக்கரை என்ன செய்வது?

பாம்பன்பையன்:
வணக்கம். சித்தப்பா பங்கைப் பிரித்துக்கொண்டு போனதால் எங்கள் மீன் கம்பெனிக்குப் புதுப் பெயர், புது லோகோ எல்லாம் போட்டாயிற்று. வண்டிகள்தான் பாக்கி. ஐஸ் பெட்டி வைத்த பொலேரோ பிக்கப் இரண்டு, திறந்த பாடி டாடா ஏஸ் ஒன்று. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் பழைய ஸ்டிக்கர் மேலேயே ஒட்டிக் கொடுக்கிறோம், விலை பாதி என்கிறார்கள். மதுரையில் கேட்டால் மொத்தத்தையும் உரித்து வண்டியையே நீலமாகச் சுற்றிவிடலாம் என்கிறார்கள். பழைய ஸ்டிக்கர் ஓரமெல்லாம் சுருண்டு, கதவுப் பக்கம் பாதி பறந்தே போய்விட்டது. எது சரி? பேப்பர் வேலை ஏதாவது உண்டா?

தேவிபட்டினம்_ஸ்டிக்கர்:
தம்பி, மேலே ஒட்டுவதை மறந்துவிடுங்கள். அடியில் இருப்பது சுருங்கிக்கொண்டே இருக்கும், அது இழுக்கிற பக்கமெல்லாம் புதுசும் போகும், ஆறு மாதத்தில் பழைய எழுத்து மேடு தட்டிக்கொண்டு தெரியும். உரித்துத்தான் ஆக வேண்டும். ஹீட் கன் வைத்து மெதுவாக, சாய்வாக இழுத்தால் பசையோடு வரும். அவசரப்பட்டு இழுத்தால் பசை பாடியிலேயே தங்கிவிடும், அப்புறம் தின்னர் ஊற்றுவார்கள், பெயின்டும் சேர்ந்து போகும்.

எந்த வினைல், அதாவது எந்த ஸ்டிக்கர் ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். உருளையில் அழுத்திச் செய்த சாதாரண காலண்டர்டு வினைல் தட்டையான இடத்துக்குப் போதும், ஆனால் வெயிலில் சுருங்கும். ரிவெட் தலை, மடிப்பு, கதவு வளைவு இருக்கிற இடத்தில் திரவமாக ஊற்றிச் செய்த காஸ்ட் வினைல்தான் நிற்கும், விலை கூட. பிரின்ட் அடித்ததும் உடனே லேமினேஷன் போடச் சொல்லாதீர்கள், மையில் இருக்கிற ஈரம் வெளியேற ஒரு நாளாவது விட வேண்டும். லேமினேஷன் இல்லாமல் நம்ம ஊர் வெயிலில் சிவப்பு முதலில் வெளுக்கும், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இதையெல்லாம் விட முக்கியம், ஒட்டுவதற்கு முன் வண்டியைக் கழுவுகிற தண்ணீர். நம்ம கரையில் பாதி இடத்தில் போர்வெல் தண்ணீரே உப்பு, அதில் கழுவிக் காய வைத்தால் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் நின்றுவிடும், அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. கடைசிக் கழுவலுக்குக் குழாயில் வருகிற காவிரிக் குடிதண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் போட்டுத் துடைக்கிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள், எண்ணெய்ப் பசை தங்கும்.

தொண்டிக்காரன்:
நீலமாகச் சுற்றுவதற்கு முன்னால் ஆர்.சி.யை, அதான் வண்டிப் பதிவுச் சான்றை, பாருங்கள் அண்ணே. அதில் நிறம் பதிவாகியிருக்கும். வெள்ளை என்று இருக்கிற வண்டி நீலமானால் ஆர்.டி.ஓ.வில் திருத்தம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டி போகும்போது நிற்க வைப்பார்கள். வெள்ளையை அப்படியே விட்டு லோகோவும் பட்டையும் மட்டும் போட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

ஆர்.சி. அப்பா பேரில் இருந்தால் கம்பெனிப் பெயர் மாறினதால் அதில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கம்பெனி பேரில் இருந்தால் ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் ஒரே பெயரில் இருக்கிறதா பாருங்கள், க்ளெய்ம் நேரத்தில்தான் இந்த வித்தியாசம் கடிக்கும். ஜி.எஸ்.டி.யில் பெயர் மாற்றத்தை 15 நாளுக்குள் பதிய வேண்டும், ஆடிட்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள். பங்கு பிரித்ததில் பான் நம்பரே மாறியிருந்தால் கதை வேறு, புதுப் பதிவு, வண்டிக்கு உரிமை மாற்றம் வரை போகும்.

அப்புறம் பக்கத்தில் எழுதியிருக்கிற காலி எடை, மொத்த எடை விவரம், பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர் டேப், இவற்றையும் ஸ்டிக்கர் பையன்கள் சேர்த்து உரித்துவிடுவார்கள். திரும்பப் போட்டார்களா என்று நின்று பாருங்கள்.

பாம்பன்பையன்:
நல்லவேளை, நீலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பான் அதேதான். ஒரு வண்டியில் ஓரம் கொஞ்சம் உரித்துப் பார்த்தேன், பழைய எழுத்து பெயின்டில் அப்படியே தெரிகிறதே?

தேவிபட்டினம்_ஸ்டிக்கர்:
சுற்றி இருக்கிற பெயின்ட் வெளுத்துவிட்டது, அடியில் இருந்தது வெளுக்கவில்லை, அவ்வளவுதான். ரப்பிங் காம்பவுண்ட் பேஸ்ட் போட்டுப் பாலிஷ் பிடித்தால் பெரும்பாலும் மங்கிவிடும். மிச்சம் தெரிந்தால் புது டிசைனின் பட்டை அந்த இடத்தை மூடுகிற மாதிரி வரையச் சொல்லுங்கள். துரு இருந்தால் மட்டும் மூடாதீர்கள், தேய்த்து ப்ரைமர் அடித்துவிட்டுத்தான் மற்றது.

மூக்கையூர்_ராஜா:
ஏஸ் வண்டிக்கு ஸ்டிக்கரே வேண்டாம் என்பேன். பாடி தகடு மடிப்பு மடிப்பாக இருக்கும், மீன் கூடை உரசி உரசி ஒரு சீசன் தாங்காது. ஆள் வைத்து எனாமலில் எழுதிவிடுங்கள், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுக்கொள்ளலாம்.

வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, வண்டிக்கும் ஓட்டம் குறைவு. மே வந்தால் கச்சான் காற்று மணலை அள்ளி வீசும், திறந்த வெளியில் ஒட்டினால் ஸ்டிக்கருக்கு அடியில் மணல்தான் இருக்கும். மூடின ஷெட்டில், காலையில் தகடு சூடேறுவதற்கு முன் ஒட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஏலக்கூடத்தில் யாரும் பெயரை வாசித்து வண்டியைக் கண்டுபிடிப்பதில்லை. போன் நம்பரைப் பழைய இடத்திலேயே, பழைய அளவிலேயே விடுங்கள். பழைய பெயரையும் ஒரு வருஷத்துக்குச் சின்னதாகக் கீழே போட்டு வையுங்கள், சித்தப்பாவுக்கு ஆட்சேபணை இல்லையென்றால்.