மறு: ஃபொக்காராவுக்குத் தமிழ்ச்சொல் – 'ஊற்றுச்சுருங்கை' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஃபொக்காரா என்பது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நிலத்தடி நீரை வெளியே கொண்டுவர வெட்டும் சுரங்கம். அதற்கு 'ஊற்றுச்சுருங்கை' (சுருங்கை என்றால் நிலத்தடி வழி) என்று வைக்கலாமா என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'சுரங்கக் கால்வாய்' போதாதா? படித்தவுடனே புரிகிறதே.

புரிகிறது ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. துனீசியாவில் சக்வான் மலை ஊற்றிலிருந்து கார்த்தேஜ் நகருக்கு ரோமானியர் 132 கி.மீ. நீளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அதிலும் நிறையப் பகுதி மண்ணுக்கடியில்தான் ஓடுகிறது. அதைச் சுரங்கக் கால்வாய் என்றால் யாரும் மறுக்க முடியாது. அங்கே ஊற்று மலையில் இருக்கிறது, கால்வாய் சுமந்து வருகிறது, அவ்வளவுதான்.

லிபியாவின் தென்மேற்கே ஃபெசானில் கரமாந்தியர் என்ற பண்டைய மக்கள் வெட்டிய ஃபொக்காராவில் ஊற்று என்று தனியாக ஒன்று இல்லை, சுரங்கமேதான் ஊற்று. மலைச்சரிவின் அடியில் நிலத்தடி நீர் தட்டும்வரை குழி இறக்குவார்கள். அங்கிருந்து பள்ளத்தாக்கை நோக்கி மிக மெல்லிய சாய்வில் ஓர் ஆள் நுழையும் அளவு வழி குடைவார்கள். மேல்பாதியில் சுவரெல்லாம் கசிந்து நீர் சேரும், கீழ்ப்பாதி அதை வயலுக்குக் கொண்டுவரும். ஏற்றமும் வேண்டாம், கமலையும் வேண்டாம், இரவும் பகலும் தானாக வரும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. கரமாந்தியரைப் பற்றி கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். நான்கு குதிரை பூட்டிய தேரில் போகிறவர்கள் என்கிறார். கி.மு. 19இல் இவர்களை வென்றதற்காக ரோமானியத் தளபதி கொர்னேலியஸ் பல்பஸ் ரோமில் வெற்றி ஊர்வலம் நடத்தினார். மழையே இல்லாத இடத்தில் இப்படியோர் அரசு நின்றது இந்தத் தண்ணீரால்தான். தலைநகர் கராமா (இன்றைய ஜெர்மா) இருந்த அஜால் பள்ளத்தாக்கில் மட்டும் சுமார் 600 ஃபொக்காராக்களின் தடம் கிடைத்திருக்கிறது. சில இடங்களில் குழிகள் 40 மீட்டர் ஆழம் வரை போகின்றன. கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, திராட்சை எல்லாம் விளைந்தன.

ஆனால் அடியில் இருந்தது, சகாரா ஈரமாக இருந்த காலத்துப் பழைய நீர். எடுக்க எடுக்க மட்டம் இறங்கியது. கிணறு என்றால் இன்னும் தோண்டலாம். இங்கே நீர் வெளிவரும் வாய் நிலமட்டத்தில் இருப்பதால், சாய்வைக் கெடுக்காமல் ஓரளவுக்கு மேல் ஆழப்படுத்த வழியில்லை. கரமாந்தியர் நலிந்ததற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். 'கால்வாய்' என்று மட்டும் எழுதினால், தண்ணீர் ஏன் நின்றது என்பதே வாசகருக்குப் பிடிபடாது. ஆகவே 'ஊற்று' வேண்டும்.

> சுருங்கை என்பது சிலப்பதிகாரத்தில் யானை போகும் வழி. தண்ணீருக்கு ஏன்?

சிலம்பில் அப்படித்தான். பரிபாடலில் வையை வெள்ளம் மதுரை மதிலின் சுருங்கை வழியாகப் பாய்கிறது. யானை துதிக்கையால் பீச்சும் நீர்போல என்று உவமையும் இருக்கிறது. அதற்குமேல் சான்று எதற்கு? சுருங்கை கிரேக்கத்திலிருந்து வந்தது என்ற கருத்து உண்டு, அது எனக்கு உறுத்தவில்லை. லிபியக் கரையிலேயே கிரேக்கர் சைரீன் என்ற நகரைக் கட்டியவர்கள்தானே.

பொதுச்சொல்லாக 'ஊற்றுச்சுருங்கை' இருக்கட்டும். ஃபொக்காரா, ஈரானின் கனாத், மொராக்கோவின் கெத்தாரா ஆகியவற்றை அந்தந்த ஊர்ப் பெயராகவே எழுதலாம்.

சுரங்கத்துக்கு மேலே தரையில் வரிசையாகத் தெரியும் குழிகளுக்கு 'தொடர்கிணறு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவற்றில் யாரும் நீர் இறைப்பதில்லை. மண்ணை வெளியேற்றவும், காற்று போகவும், தூர்வார ஆள் இறங்கவும்தான் அவை. 'இறங்குகுழி' போதும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அல்ஜீரியாவின் துவாத் பகுதியில் ஃபொக்காராக்கள் இன்றும் ஓடுகின்றன. அங்கே நீரை அளந்து பங்கிடுவோரின் அறிவை 2018இல் யுனெஸ்கோ, உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வாயில் வரும் நீரைப் பங்குதாரர்களுக்குப் பிரிக்கச் சீப்புப் பல்போல இடைவெளி விட்ட ஒரு தடுப்பு வைக்கிறார்கள். பெயர் கஸ்ரியா. எனக்குச் 'சீப்புமடை' என்று தோன்றுகிறது. பாசன வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பங்குநீர் பிரிக்கும் கல்லுக்கு உங்கள் ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.