200 எம்பிபிஎஸ் இணைப்பு, கணினியில் மட்டும் 94-ஐத் தாண்டவில்லை

கேள்வி:
வணக்கம். ஃபைபர் இணைப்பு, 200 எம்பிபிஎஸ் திட்டம். ரவுட்டர் கீழே கூடத்தில் இருக்கிறது, விண்டோஸ் 11 கணினி மாடியில். நடுவில் சுமார் 20 மீட்டர் லேன் கேபிள். போனில் வைஃபையில் 190 வருகிறது. கேபிள் போட்ட கணினியில் எப்போது சோதித்தாலும் 94. டிஎன்எஸ்-ஐ (தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் சேவை) 1.1.1.1 என்று மாற்றினேன். விண்டோஸ் 20 சதவீத வேகத்தைத் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்கிறது என்று சொல்கிறார்களே, குரூப் பாலிசி செட்டிங்கில் அந்த ஒதுக்கீட்டையும் பூஜ்யமாக்கினேன். டிசிபி ஆட்டோட்யூனிங்கையும் (தரவு வாங்கும் அளவை விண்டோஸ் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) நிறுத்திப் பார்த்துவிட்டேன். ஒன்றும் அசையவில்லை. வேறு எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

பதில் 1:
சார், செட்டிங்கை விடுங்கள், கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் லிங்கில் (கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள கேபிள் இணைப்பு) ஒவ்வொரு தரவுத் துண்டோடும் சேர்ந்து வரும் பாக்கெட் தலைப்புகளுக்குப் போனது போக மிஞ்சுவது 94, 95தான். விண்டோஸ் செட்டிங்கில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் வேகம் 100/100 என்று காட்டுகிறதா பாருங்கள்.

100-க்கு நாலு கம்பி போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மீதி நாலான நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ விட்டுப்போனால் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது, லிங்க் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். என் வீட்டிலும் இதேதான் நடந்தது. ஒரு வாரம் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் பிளக்கை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், பழுப்புக் கம்பி முனைக்கு ரெண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றிருந்தது. பிளக்கின் முன்பக்கத்தை நேராகப் பாருங்கள், எட்டுச் செம்புப் புள்ளியும் தெரிய வேண்டும்.

அதற்கு முன்னால் கணினியைக் கீழே கொண்டுபோய் ஒரு சின்ன கேபிளில் நேராக ரவுட்டரில் மாட்டிப் பாருங்கள். லிங்க் 1000 என்று வந்தால் கோளாறு அந்த 20 மீட்டரில்தான்.

பதில் 2:
மேலே சொன்னதுதான் சரி. கூடவே ஆட்டோட்யூனிங்கை மறுபடி நார்மலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், தயவுசெய்து. அதை நிறுத்தினால் ரிசீவ் விண்டோ, அதாவது பதில் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் ஒரு தடவையில் வாங்கக்கூடிய தரவு, 64 கேபி அளவிலேயே நின்றுவிடும். பிங் (தரவு போய்த் திரும்ப ஆகும் நேரம்) 200 மில்லிசெகண்ட் உள்ள அமெரிக்க சர்வரிலிருந்து ஒரே இணைப்பில் ஒரு கோப்பை இறக்கினால் 2.6 எம்பிபிஎஸ்-க்கு மேல் வராது. பக்கத்து சர்வரில் சோதிக்கும்போது இது கண்ணில் படாது. பலர் இதை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் அவதிப்படுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அந்த 20 சதவீதமும் பழைய தவறான நம்பிக்கை. முன்னுரிமை கேட்கும் நிரல் எதுவும் ஓடாதபோது முழு வேகமும் உங்களுக்குத்தான். டிஎன்எஸ் மாற்றினால் பக்கம் திறக்க ஆரம்பிக்கும் நேரம் கொஞ்சம் குறையலாம், டவுன்லோட் வேகம் பொதுவாக மாறாது.

கேட்டவர்:
கீழே கொண்டுபோய் மாட்டினேன், உடனே 1000. மாடியில் சுவர்ப் பெட்டியைத் திறந்தால் பழுப்பு ஜோடியை உள்ளே செருகாமல் பின்பக்கம் மடித்து விட்டிருக்கிறார்கள். எட்டுக் கம்பியையும் நிற வரிசைப்படி அழுத்தி மாட்டினேன். இப்போது 187. ஆட்டோட்யூனிங்கும் நார்மல். இருவருக்கும் மிக்க நன்றி.

பதில் 1:
ரொம்ப சந்தோஷம் சார். கீழ் முனையில் உள்ள பிளக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இரண்டு முனையும் ஒரே ஆள் போட்டதாகத்தான் இருக்கும்.