புதுப்பிப்பு: டிசம்பருக்கான கம்பளிப் பின்னல்

டிசம்பர் விற்பனைக்கு ஜூனிலேயே பின்னத் தொடங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தொடங்கிவிட்டேன். சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நவம்பர் பிற்பாதியிலேயே வந்துவிடும். குளிரான ஜப்பான், கொரியா போகிறவர்கள் அதற்கு முன்பே குல்லாவும் கையுறையும் தேடுவார்கள். அதனால் அக்டோபருக்குள் சரக்கு தயாராக வேண்டும். ஸ்வெட்டர் மட்டும் ஆர்டர் வந்தால்தான் பின்னுவேன்.

பெரிய கவலை ஈரப்பதம். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை இழுத்தாலும் தொட்டால் தெரியாது. அப்படியே மூடினால் பூஞ்சை வாடை நிச்சயம். முடித்ததையெல்லாம் அலசி, ஏர்கான் அறையில் உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, இறுக்கமாக மூடும் டப்பாவில் வைக்கிறேன். அந்துப்பூச்சியும் அண்டாது. இந்த யோசனை சொன்ன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி!

அப்புறம், குழந்தைகள் குல்லாவுக்கு மெரினோ (மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி) நூல்தான். விலை கூடினாலும் நெற்றியில் குத்தாது.